வால்வரை கேட்கும் பெட்டி

பிப்ரவரி 6, 1983, ஞாயிறு

இன்றைக்கு எங்கள் கல்யாண வாத்தியக் குழுவின் ஒத்திகையில் மின்கோ அண்ணன் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். "ஸ்லாவ்கா, நீ வாசிக்கிற. கை அசையறது கண்ணுக்குத் தெரியுது. காதுக்குத்தான் ஒண்ணும் வந்து சேரல." டிரம்முக்குப் பின்னால் தோதோர் குனிந்துகொண்டு சிரித்தான். அவன் சிரிப்பது மட்டும் நன்றாகக் கேட்டது.

விஷயம் இதுதான். போன கல்யாணத்தில் ஹோரோ ஆட்டம் தொடங்கி, கை கோத்த வரிசை மண்டபத்துக்குள் இடம் போதாமல் வாசல் வழியாகத் தெருவுக்குப் போய்விட்டது. வெளியே போன வாலுக்கு மின்கோவின் கிளாரினெட் கேட்டிருக்கிறது, டிரம் கேட்டிருக்கிறது. நடுவில் காலுக்குக் கணக்குச் சொல்லும் என் கிட்டார் கேட்கவில்லை. ஒருவர் காலை ஒருவர் மிதித்து, மாப்பிள்ளையின் மாமா சேற்றில் உட்கார்ந்துவிட்டாராம். இதெல்லாம் என் தலையில்.

மார்ச் 13 மேல்கிராமத்தில் பெரிய கல்யாணம். அதற்கப்புறம் நோன்புக்காலம், ஈஸ்டர் வரை யாரும் கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டார்கள். "அன்னைக்கு வால்வரைக்கும் கேக்கணும், ஸ்லாவ்கா. இல்லேன்னா லோவெச்சுல எலக்ட்ரிக் ஆர்கன் வாசிக்கறவன் ஒருத்தன் இருக்கான். நான் என்ன செய்யட்டும்?" என்றார்.

அவர் சொல்வது பொய்யில்லை. அதுதான் எரிச்சலாக இருக்கிறது. என் ஸ்பீக்கர், பள்ளிக்கூடச் சுவரில் காலை உடற்பயிற்சிக்குக் கத்திக்கொண்டிருந்த கிழட்டுப் பெட்டி. ஒன்று, இரண்டு, குனி, நிமிர் என்று சொல்லத்தான் அதற்கு வரும். நான் இந்தக் குழுவில் சேர்ந்தபோது மின்கோவின் மீசை கறுப்பு. இப்போது ஒரு பெட்டியின் பெயரால் என்னை வெளியே அனுப்புவாரா? அனுப்புவார். அவர் அப்படித்தான்.

வீட்டுக்கு வந்து வெல்கோவிடம் கொட்டித் தீர்த்தேன். சூப் குடிக்கும்போது என் புருஷன் பதில் சொல்கிற வழக்கமில்லை. கடைசிக் கரண்டி இறங்கியதும், "அப்ப பெட்டி செஞ்சிருவோம்" என்றான். அவ்வளவுதான். அவனுக்கு எல்லாமே நாற்காலி செய்வது மாதிரி.

பிப்ரவரி 8, செவ்வாய்

சினிமா கொட்டகைக்குப் புது ஒலிபெருக்கி வந்திருக்கிறது. பழையதிலிருந்து கழற்றிய இரண்டு ஸ்பீக்கர்களை ஆபரேட்டர் குன்ச்சோ எனக்குத் தந்துவிட்டார். ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிசு. ஒன்றின் காகிதக் கூம்பில் சின்னக் கிழிசல். அதைச் சிகரெட் தாளும் நகப்பூச்சும் வைத்து ஒட்டிவிடலாம் என்றார். நகப்பூச்சு என்னுடையது, சிகரெட் தாள் அவருடையது.

பதிலுக்கு அவர் கேட்டது: வர்னாவில் இருக்கும் மகளுக்கு அவர் போன் போட்டால் வரிசையில் காக்கவிடாமல் நான் உடனே இணைத்துத் தர வேண்டும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருப்பதற்கு இதுகூடப் பயன்படாவிட்டால் எப்படி? தப்புதான். கொஞ்சம்.

பிப்ரவரி 12, சனி

வெல்கோ தன் நாற்காலித் தொழிற்சாலையிலிருந்து பிளைவுட் கொண்டுவந்தான். கழித்துப்போட்ட பலகைகளைத் தொழிலாளிகளுக்குக் கொடுப்பார்கள். நல்ல பீச் மரம், ஓரத்தில் மட்டும் கறை. பனியில் சறுக்குவண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு வந்தபோது கீழ்வீட்டுத் திரை கொஞ்சம் விலகி மறுபடி மூடிக்கொண்டது.

கீழ்வீடு என்றால் ராய்னா அக்கா. வெல்கோவின் மூத்த சகோதரி, என் நாத்தனார். புருஷன் போய் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. கறுப்புத் தலைத்துணியை இன்னும் எடுக்கவில்லை. எங்கேயும் போவதில்லை. கல்யாணம் என்றால் மரியாதைக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு முதல் ஆட்டம் தொடங்குமுன் எழுந்துவிடுவார். நான் வாசிப்பதைப் பற்றி அவர் நல்லதாகவும் சொன்னதில்லை, கெட்டதாகவும் சொன்னதில்லை. திரையைத்தான் இழுத்து மூடுவார்.

பிப்ரவரி 14, திங்கள்

திராட்சைக் கொடி வெட்டும் திருநாள். எங்கள் மலையில் கொடியே கிடையாது. ஆனாலும் வெல்கோ திராட்சை மது குடித்துக் கொண்டாடிவிட்டு வந்திருக்கிறான். இன்று ரம்பத்தைத் தொடக்கூடாது என்று ஒளித்து வைத்தேன்.

பிப்ரவரி 19, சனி

முற்றத்துக் கொட்டகையில் நாள் முழுக்க வேலை. நான்கு பக்கப் பலகையும் ஒன்றோடொன்று பல் கோத்தாற்போல் பொருந்தின. வெல்கோவின் கை அப்படி. முன்பலகையில் இரண்டு வட்டம் வெட்டுவதை நான்தான் செய்வேன் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டேன். முதல் வட்டம் உருளைக்கிழங்கு மாதிரி வந்தது. வெல்கோ அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, ஸ்பீக்கர் மறைச்சிரும்" என்றான். இரண்டாவது நன்றாக வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு தோள் வலிக்க வலிக்கச் சந்தோஷமாக இருக்கிறேன்.

சத்தம் தாங்காமல் ராய்னா அக்கா இரண்டு தரம் வெளியே வந்து விறகு எடுத்துக்கொண்டு போனார். ஒரு அடுப்புக்கு அவ்வளவு விறகு வேண்டாம். அது எங்களுக்குச் சொன்னது.

பிப்ரவரி 23, புதன்

ஐயோ, இந்த மனுஷனை என்ன செய்ய!

பெட்டியின் உள்சுவரில் கம்பளி ஒட்டினால் சத்தம் கொழகொழக்காது என்று குன்ச்சோ சொல்லியிருந்தார். வெல்கோ எங்கிருந்தோ ஒரு கோணி நிறையக் கம்பளி கொண்டுவந்தான். வெள்ளை வெளேரென்று, பூப்போல. நானும் கேட்கவில்லை, ஒட்டிவிட்டேன். இன்று தெரிகிறது, அது பரணில் இருந்த மெத்தைப் போர்வையைப் பிரித்தது. யாருடைய போர்வை? ராய்னா அக்காவின் சீதனப் போர்வை.

கேட்டால், "கிழிஞ்சுதானே இருந்துச்சு, யாரும் போத்திக்கலியே" என்கிறான். கிழிந்தால் என்ன, சீதனம் சீதனம்தானே? நான் கீழே போய் நின்றேன். பிடுங்கித் திருப்பித் தந்துவிடுகிறேன் என்றேன். அவர் மாவு பிசைவதை நிறுத்தவே இல்லை. "பசை ஒட்டினத என்ன செய்ய? வெச்சுக்கோ." மாவைத் திருப்பிப் போட்டு மறுபடி பிசைந்தார்.

திட்டியிருந்தால் நிம்மதியாகப் போயிருக்கும்.

பிப்ரவரி 25, வெள்ளி

ராய்னா அக்கா இன்றும் பேசவில்லை. ரொட்டி மட்டும் வழக்கம்போல் படியில் இருந்தது, துணி போட்டு மூடி.

பிப்ரவரி 27, ஞாயிறு

சினிமாக்காரர்கள் எல்லா ஒயரையும் ஒரே சாம்பல் நிறத்தில் வாங்கியிருக்கிறார்கள். எது பிளஸ், எது மைனஸ் என்று தெரியவில்லை. குன்ச்சோ சொன்னபடி டார்ச் பேட்டரியை ஒயர் முனைகளில் தொட்டுப் பார்த்தோம். சரியாகத் தொட்டால் கூம்பு முன்னால் குதிக்கிறது, மாற்றித் தொட்டால் உள்ளே போகிறது. நான் இதையே கொஞ்ச நேரம் செய்துகொண்டிருந்தேன். வெல்கோ பேட்டரியைப் பிடுங்கிக்கொண்டான்.

அடையாளம் வைக்கச் சிவப்பு வண்ணம் இல்லை. ஆனால் மார்ச் முதல் தேதி பக்கத்தில் வந்துவிட்டதால் வீடெல்லாம், நல்லது நடக்க அன்று கையில் கட்டும் மார்தெனித்சாவுக்கு முறுக்கும் நூல்தான், சிவப்பும் வெள்ளையும். சிவப்பில் துண்டு நறுக்கி இரண்டு ஸ்பீக்கரின் பிளஸ் ஒயரிலும் கட்டினேன். குழந்தைக்குக்கூடப் புரியும்: சிவப்புத்தான் பிளஸ்.

மார்ச் 1, செவ்வாய்

எக்ஸ்சேஞ்சில் எல்லார் மணிக்கட்டிலும் மார்தெனித்சா. எனக்கு மூன்று வந்தது. காவலாளி நாய்க்கும் கட்டியிருக்கிறார், முற்றத்துப் பிளம் மரத்துக்கும் கட்டியிருக்கிறார். நல்லது நடக்கட்டும் என்று எதையும் விடுவதில்லை இந்த ஊரில்.

ராய்னா அக்காவின் கை இந்த வருடமும் வெறுமையாகவே இருந்தது. துக்கத்தில் இருப்பவர்கள் கட்டிக்கொள்வதில்லை. நான் ஒன்று கொண்டுபோயிருக்கலாமோ? போர்வை விஷயத்துக்குப் பிறகு தைரியம் வரவில்லை.

மார்ச் 4, வெள்ளி

மாலை ஷிஃப்ட் முடிந்து வந்தால் பெட்டி முழுசாக நிற்கிறது! நான் இல்லாதபோது வெல்கோ ஒயர்களுக்கு ஈயம் வைத்து, பின்பலகையைத் திருகி, இடுக்குகளில் ஜன்னல் பட்டி பூசி, வெளியே ரெக்சினும் ஒட்டிவிட்டான். பழைய பஸ் சீட்டின் ரெக்சின், கரும்பச்சை. மூலைகளில் மடிப்பே தெரியவில்லை. கைப்பிடி மட்டும் ஒரு நாற்காலியின் வளைந்த முதுகு. "எத்தன நாற்காலிக்கு முதுகு வெச்சிருக்கேன், ஒரு பெட்டிக்குக் கைப்பிடி வைக்க மாட்டேனா" என்கிறான். கட்டிப்பிடித்துக்கொண்டேன். கையெல்லாம் பசை.

நாளை ஒத்திகையில் மின்கோவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மார்ச் 5, சனி

பார்த்தேன்.

எழுதவே பிடிக்கவில்லை. ஆம்ப்ளிஃபயரை முழுக்கத் திருகினேன், கிட்டார்க் கம்பிகளைச் சேர்த்து ஒரு தரம் மீட்டினேன், தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம். அடித்தொனியே இல்லை. பள்ளிக்கூடப் பெட்டியே தேவலை. மறுபடி, மறுபடி. தோதோர்கூடச் சிரிக்கவில்லை. மின்கோ அண்ணன் பெட்டியைத் தட்டிக்கொடுத்து, "அழகா இருக்கு" என்றார். பிறகு தாழ்ந்த குரலில், ஆர்கன்காரனைப் பதின்மூன்றாம் தேதி வரச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். சும்மா வந்து உட்காரட்டுமாம். ஆர்கனையும் சும்மாதான் கொண்டுவருவானா?

ஒயரைச் சரியாகத்தான் கட்டினாயா என்று வெல்கோவைக் கேட்டேன். "நூலைப் பாத்துத்தான் கட்டினேன், ரெண்டுலயும் செவப்பு பிளஸ்" என்று சத்தியம் செய்கிறான். பின் எது? அந்தக் கிழிசலா? உருளைக்கிழங்கு வட்டமா? அது நான் வெட்டியது. என்னால்தானோ? பலகை தப்பா? கம்பளியா? போர்வைக்காரியின் வயிற்றெரிச்சல் என்று ஒரு நிமிடம் தோன்றியது. சீ, என்ன புத்தி.

எனக்கு அந்த இடம் வேணும். வேற ஒண்ணும் வேணாம். நாள் முழுக்க அடுத்தவங்க குரலை இங்கிருந்து அங்க இணைச்சு விட்டுட்டு உக்காந்திருக்கேன், ஞாயித்துக்கிழமை மட்டும்தான் நான் வாயைத் திறக்கறது—அதுவும் கிட்டாருல. அதையும் ஆர்கன்காரனுக்குக் குடுத்துட்டு என்ன செய்யறது?

மார்ச் 8, செவ்வாய்

மகளிர் தினம். கார்னேஷன், கேக், மேலதிகாரியின் சொற்பொழிவு. பூவைக் காவலாளியின் நாய் தின்றுவிட்டது.

மார்ச் 9, புதன்

குன்ச்சோ மகளிடம் பேச லைன் கேட்டார். இணைப்பதற்கு முன் என் பாட்டைச் சொல்லி அழுதேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு ஸ்பீக்கர மட்டும் கழட்டி விட்டுட்டு வாசிச்சுப் பாரு. ஒண்ணுல நல்லா கேட்டுச்சுன்னா ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சண்ட போடுதுன்னு அர்த்தம். ஒண்ணு காத்த முன்னால தள்ளுது, இன்னொண்ணு பின்னால இழுக்குது" என்றார். நன்றி சொல்லி வர்னாவை இணைத்தேன். இனி அவருக்கு ஆயுள் முழுக்கக் காத்திருப்பு கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் கொட்டகைக்குப் போய்ப் பின்பலகையைத் திறந்தோம். திறந்தால், ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு மார்தெனித்சா. நான் கட்டிய வெறும் சிவப்புத் துண்டு இல்லை. சிவப்பும் வெள்ளையும் அழகாக முறுக்கி, நுனியில் குஞ்சம் வைத்து, பூ முடிச்சாகப் போட்டது.

"இது ஏது?" என்றேன்.

"நீ கட்டினதுதானே? வெறும் நூல் நல்லால்லன்னு மாத்திக் கட்டியிருக்கன்னு நெனச்சேன்" என்றான் வெல்கோ.

நான் கட்டவில்லை. அவனும் கட்டவில்லை. பேட்டரியை வைத்துப் பார்த்தால் மேல் ஸ்பீக்கரில் மார்தெனித்சா இருப்பது பிளஸ் ஒயரில், கீழ் ஸ்பீக்கரில் மைனஸ் ஒயரில். கட்டியவருக்கு எந்த ஒயர் கைக்கு வாகாக இருந்ததோ அதில் கட்டியிருக்கிறார். வெல்கோ அதை நம்பி ஈயம் வைத்திருக்கிறான். நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் கொட்டகை ஜன்னல் வழியாகக் கீழ்வீட்டைப் பார்த்தோம். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. தன் கைக்குக்கூட ஒன்று கட்டிக்கொள்ளாத மனுஷி.

மார்ச் 10, வியாழன்

ஷிஃப்டுக்குப் போகுமுன் ஒயரை மாற்றிப் பற்றவைத்தோம். இரண்டு மார்தெனித்சாவையும் சரியான ஒயரில் நானே கட்டினேன். பலகையை மூடினோம். ஆம்ப்ளிஃபயரைப் பாதிகூடத் திருகவில்லை, ஒரே ஒரு மீட்டல். கொட்டகை ஜன்னல் கிடுகிடுத்தது. கூரைப் பனி சரிந்து விழுந்தது. வயிற்றுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது அந்தச் சத்தம். வெல்கோ தொப்பியைக் கழற்றிவிட்டான், தேவாலயத்தில் நிற்கிற மாதிரி. நான் அழுதேன் என்று எழுதுவதில் வெட்கமில்லை.

கையில் மாவோடு ராய்னா அக்கா வாசலில் வந்து நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்து நானே முந்திக்கொண்டேன்.

"அக்கா, உள்ள மார்தெனித்சா கட்டினது நீங்கதானா?"

"வேற யாரு? நீ வெறும் செவப்ப கட்டி வெச்சிருந்த. வெள்ள இல்லாம யாராவது கட்டுவாங்களா? விறகெடுக்க வந்தவ பாத்துட்டு மனசு கேக்கல. அவுத்துப் போட்டுட்டு மொறையா ஒண்ணு கட்டினேன்."

வெல்கோ வாயைத் திறந்தான். அவன் காலை மிதித்தேன். இந்த விஷயம் எங்கள் இருவரோடு மண்ணுக்குள் போகும்.

"உங்க கையில ஒண்ணும் கட்டிக்கலியே அக்கா" என்றேன்.

"எனக்கெதுக்கு? கல்யாணத்துக்குப் போறது அந்தப் பெட்டிதானே." போகத் திரும்பியவர் நின்றார். "இப்ப வாசிச்சது நீயா?"

"ஆமாம்."

"இத்தன வருஷமா நீ வாசிக்கறது இதத்தானா?"

தலையாட்டினேன். அவர் மாவுக்கையோடு வாசல் நிலையில் சாய்ந்துகொண்டார். இன்னும் ஒன்று வாசி என்று சொல்லவில்லை. ஆனால் நான் வாசித்து முடிக்கும்வரை போகவும் இல்லை. மாவு காய்ந்துபோயிருக்கும்.

மார்ச் 14, திங்கள்

நேற்றுக் கை வீங்கும்வரை வாசித்ததால் இன்றுதான் எழுத முடிகிறது.

மேல்கிராமத்து மண்டபத்தில் இடமே இல்லை. பெட்டியை நானும் வெல்கோவும் படியேற்றி வாசலுக்குப் பக்கத்தில் வைத்தோம். ஆர்கன்காரன் வந்திருந்தான். சின்னப் பையன், சுத்தமான சட்டை, கடைசி மேசையில் முட்டைக்கோஸ் சுருளைத் தின்றுகொண்டிருந்தான். ஆர்கன் வேனில். மாப்பிள்ளையின் அம்மா தூரத்து உறவு என்பதால் ராய்னா அக்காவும் வந்திருந்தார். கோட்டைக் கழற்றாமல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் எப்போதும் அப்படித்தான் உட்காருவார், எழுந்து போக வசதியாக.

மின்கோ அண்ணன் ஹோரோவுக்குக் கிளாரினெட்டைத் தூக்கினார். என்னைப் பார்க்கவில்லை. தோதோர் தட்டினான். நான் இறங்கினேன்.

முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, விரல்களைத் தவிர. அப்புறம் பார்த்தால் வரிசை மண்டபத்தைச் சுற்றி, வாசல் வழியாகத் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. தலை வெளியே போயிற்று, நடு போயிற்று. ஜன்னலுக்கு வெளியே, சதுக்கத்துக் குழாயடிவரை தொப்பிகள் ஏறி இறங்கின. எல்லாம் ஒன்றாக. நான் வலதுகையைக் கொஞ்சம் அழுத்தினால் அங்கே காலும் அழுந்தியது. சத்தியமாகச் சொல்கிறேன், அது தெரிந்தது.

மின்கோ அண்ணன் மூச்சு வாங்குகிற இடைவெளியில் என் பக்கம் குனிந்தார். "கொஞ்சம் கொற. என் கிளாரினெட்டு எனக்கே கேக்கல."

நான் குறைக்கவில்லை. அடுத்த சுற்றில் பாவம் என்று கொஞ்சம் குறைத்தேன்.

பிறகு வரிசை சுற்றிக்கொண்டு திரும்பி உள்ளே வரத் தொடங்கியது. முகம் முகமாக என்னைக் கடந்து போனார்கள், மணமகள், மாமாக்கள், எக்ஸ்சேஞ்சுப் பெண்கள், பனியில் நனைந்த காலணிகள். கடைசியில் வால் வந்தது. வாலின் நுனியில் ராய்னா அக்கா. கோட்டு இல்லை. கறுப்புத் தலைத்துணி பின்னுக்குச் சரிந்து கிடந்தது. ஒரு கை முன்னால் போகிறவரின் கையில், இன்னொரு கையில் கைக்குட்டை. முகத்தில் சிரிப்பில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, ரொம்பக் கவனமாக, ஒரு அடிகூடத் தப்பாமல் ஆடினார்.

என் கை தப்பியது. ஒரே ஒரு இடத்தில். மின்கோவுக்குத் தெரிந்தது, முறைத்தார். வெல்கோ சுவரோரமாக நின்று ஜன்னலைப் பார்க்கிற பாவனையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான்.

ஆட்டம் முடிந்ததும் மின்கோ அண்ணன் கடைசி மேசைக்குப் போனார். அந்தப் பையனின் தோளைத் தட்டி, "நல்லா சாப்பிட்டுட்டுப் போப்பா, ரோடு வழுக்கும்" என்றார். திரும்பி வரும்போது என்னிடம் சொன்னது: "புதன்கிழம ஒத்திக. லேட்டா வராத."

மார்ச் 16, புதன்

லேட்டாகப் போனேன். மின்கோ அண்ணன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கிளாரினெட்டைத் தூக்கினார்.

மார்ச் 20, ஞாயிறு

நோன்புக்கு முந்தின ஞாயிறு, மன்னிப்பு நாள். சிறியவர்கள் பெரியவர்களின் வீட்டுக்குப் போய்க் கையை முத்தமிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். பாலாடைக்கட்டி வைத்த பனித்சா ரொட்டி சுட்டு, சூட்டோடு எடுத்துக்கொண்டு நானும் வெல்கோவும் கீழே போனோம். ராய்னா அக்கா ஒரு காலை முக்காலி மேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். குனிந்து கையை முத்தமிட்டேன்.

"மன்னிச்சிருங்க, அக்கா" என்றேன், வழக்கப்படி.

"கடவுள் மன்னிப்பார்" என்றார் அவரும் வழக்கப்படி. பிறகு முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, "கடவுள் மன்னிப்பார், இந்தக் காலுதான் ஒன்ன மன்னிக்காது. ஒரு வாரமா எரியுது" என்றார். பனித்சாவை விண்டு வாயில் போட்டு, மென்று முடித்து, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"ஈஸ்டருக்கப்புறம் மொதக் கல்யாணம் எந்த ஊர்ல?"